மைதானம் பெருசா இருக்கணுமா, நிறைஞ்சிருக்கணுமா?

1/
சிட்னியில ரக்பி லீக் சீசன் வந்துட்டா, திங்கட்கிழமை காலையில ஒரு சண்டையும் கூடவே வந்துடும். "83,000 பேர் உட்காரக்கூடிய இடத்துல 13,000 பேர்தான் வந்திருக்காங்க, ரசிகர்களுக்கு விசுவாசமே போயிடுச்சு" என்று ஒரு கட்சி. "டிவியிலயே நல்லா தெரியுது, எவன் போவான்" என்று இன்னொரு கட்சி. ரெண்டுமே எனக்குச் சரியாப் படலை. ஏன்னு சொல்றேன். த்ரெட் கொஞ்சம் நீளம், டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

2/
நான் மேற்கு சிட்னியில குடும்ப மருத்துவர். வெண்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி பக்கம் இருக்கிற நம்ம ஆட்களுக்கு இது பக்கத்துத் தெரு விஷயம். "டாக்டருக்கு எதுக்குய்யா மைதானக் கணக்கு?" என்று கேட்பீங்க. பொதுப்பணம், நடக்கும் தூரம், படிக்கட்டு, கழிப்பறை, முதுமைத் தனிமை. மைதானத்தை எங்கே, எவ்வளவு பெருசா கட்டுறோம் என்பதில் இத்தனையும் அடங்கியிருக்கு. இதே விஷயங்கள்தான் தினமும் என் கன்சல்டிங் அறைக்கும் வருது.

3/
ஆட்டம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ரக்பி லீக்கில் அணிக்கு 13 பேர். பந்தைக் கையில் பிடித்து ஓடலாம், ஆனால் பாஸ் பின்பக்கமாகத்தான். ஆறு தடவை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போயிடும். கபடி பார்த்த கண்ணுக்கு இது சீக்கிரம் பிடிபடும், ஓடி வர்ற ஆளைக் கூட்டாச் சேர்ந்து அமுக்குறதுதான் பாதி ஆட்டம். 15 பேர் ஆடும் ரக்பி யூனியன் வேற.

4/
இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு கூலிப் பிரச்சினையில். வட இங்கிலாந்தில் சுரங்கத்துலயும் மில்லுலயும் வேலை பார்த்தவங்க சனிக்கிழமை ஆடப் போனா அந்த நேரத்துக்கான கூலி போச்சு. அதை ஈடுகட்டக் கூடாது என்றது தலைமை. கிளப்புகள் 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, தனியாப் பிரிஞ்சாங்க. சிட்னியில 1908-ல் போட்டி தொடங்கினப்பவும் கிளப் என்றால் ஒரு பேட்டை. மைதானம் என்றால் அந்தப் பேட்டைக்காரன் நடந்து போகிற இடம்.

5/
இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, "ஹோம் கிரவுண்ட்" என்ற சொல்லுக்கு அப்போ நேரடி அர்த்தம் இருந்தது. வீட்டுக்குப் பக்கம், அவ்ளோதான். இன்னைக்கு அதே சொல் ஒரு ஒப்பந்தத்தின் பெயர். எந்த மைதான நிர்வாகம் ஆட்டத்துக்கு எவ்வளவு உறுதித்தொகை தருது, எத்தனை கார்ப்பரேட் பாக்ஸ் இருக்கு, டிவிக்கு வெளிச்சம் போதுமா என்று பார்த்து முடிவாகிற விஷயமா மாறிடுச்சு. ரசிகன் எங்கே குடியிருக்கான் என்பது கடைசிக் கேள்வி.

6/
சரி, கூட்டத்தை எப்படி அளக்கணும்? எல்லாரும் சராசரியைச் சொல்றாங்க. சர்க்கரை நோயாளிகளுக்கு நான் அடிக்கடி சொல்றது: மூணு மாச சராசரி ஓகேன்னு வந்தாலும், நடுவுல 300-க்குப் போய் 60-க்கு இறங்கியிருந்தா அது நல்ல கட்டுப்பாடு கிடையாது. கூட்டக் கணக்கும் அப்படித்தான். சராசரி நல்லா இருக்கலாம், உள்ளே நிலைமை வேற மாதிரி இருக்கலாம்.

7/
ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு கிளப் வருஷத்துக்கு 12 உள்ளூர் ஆட்டம் ஆடுது. பரம எதிரியோட ஒரு ஆட்டத்துக்கு 50,000 பேர். மற்ற 11 ஆட்டத்துக்கும் தலா 12,000 பேர். சராசரி 15,000-ஐத் தாண்டிடும். ஆனா அந்த 15,000 பேரை அந்த மைதானத்தில் எந்த நாளும் யாரும் பார்த்ததில்லை! ஒரே ஒரு நாளை மனசுல வச்சு 80,000 நாற்காலி வாடகைக்கு எடுக்குறோம். மீதி 11 நாள் அந்த நாற்காலிகள் காலியா நம்மைப் பார்த்துக்கிட்டிருக்கு.

8/
அதனால நான் கேட்கிற கேள்விகள் மூணு.
ஒன்று: சாதாரண நாளில் எத்தனை சதவீதம் நிறையுது?
இரண்டு: போன வாரம் வந்தவர் அடுத்த ஆட்டத்துக்கும் வர்றாரா?
மூன்று: யாரால வர முடியலை?
மூணாவது கேள்விக்கு டிக்கெட் மெஷினில் பதில் கிடைக்காது. வராதவங்களை எந்த மெஷினும் எண்ணாது.

9/
இப்போ ஒரு நிஜ கேஸ். பிரிஸ்பேன் பிராங்கோஸ். 1988-ல் தொடங்கின கிளப், லாங் பார்க்கில் ஆடிட்டு இருந்தது. 1992-ல் கோப்பை. மவுசு ஏறிடுச்சு, இடம் பத்தலை. 1993-ல் 1982 காமன்வெல்த் போட்டி நடந்த பெரிய மைதானத்துக்குப் போனாங்க. முதல் வருஷம் சராசரி 43,000-க்கு மேல். ஒரே ஆட்டத்துக்கு 58,593 பேர். அந்த வருஷமும் கோப்பை. எல்லாரும் "பாத்தியா, பெருசுதான் சரி" என்றார்கள்.

10/
ஆனா அது தடகள மைதானம். பந்து ஓடுற புல்லுக்கும் முதல் வரிசைக்கும் நடுவுல ஓட்டப்பாதை. நகர மையத்துல இருந்தும் தள்ளி. புது மவுசு தீர்ந்ததும் கூட்டம் கரைய ஆரம்பிச்சு, 90-களின் இறுதியில் சுமார் பாதியா விழுந்தது. இங்க கவனிங்க: 1997, 1998, 2000 என்று அவங்க கோப்பை ஜெயிச்சுக்கிட்டேதான் இருந்தாங்க. "தோத்தா கூட்டம் வராது, ஜெயிச்சா வரும்" என்ற எளிய விளக்கம் இங்க எடுபடலை.

11/
மருத்துவத்துல ஒரு பாடம் உண்டு: ரெண்டு விஷயம் ஒண்ணா நடந்தா, ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம்னு அவசரப்படாதே. 1995-97 காலத்தில் சூப்பர் லீக் சண்டையில் ஆட்டமே ரெண்டா உடைஞ்சது. 1997-ல் ரெண்டு தனித்தனிப் போட்டி நடந்தது. பல ரசிகர்கள் வெறுத்துப்போய் ஒதுங்கினாங்க. கூட்டம் குறைஞ்சதுல அதுக்கும் பங்கு உண்டு. மைதானம் மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன்.

12/
ஆனா சிகிச்சைக்குப் பிறகு என்ன ஆச்சுன்னு பாருங்க. லாங் பார்க்கை இடிச்சு, செவ்வக வடிவத்தில், ஆட்டக்காரன் மூச்சு கேட்கிற தூரத்தில் நாற்காலி போட்டு, 52,500 பேருக்குக் கட்டி 2003-ல் திறந்தாங்க. பக்கத்துலயே ரயில் நிலையம். மேட்ச் டிக்கெட்டைக் காட்டினா பஸ், ரயில் இலவசம். காரில் வராதேன்னு வெளிப்படையாவே சொல்லிட்டாங்க. பிராங்கோஸ் திரும்பி வந்தாங்க, கூட்டமும் திரும்பி வந்தது. இன்னைக்கும் இந்த லீக்கில் அதிகக் கூட்டம் சேர்க்கிற கிளப் அதுதான்.

13/
அங்கே 52,500-ம் பெரிய எண்ணிக்கைதானேன்னு கேட்கலாம். சரிதான். ரொம்ப காலம் பிரிஸ்பேன் முழுக்க ஒரே கிளப். சிட்னியில, சுற்றுவட்டாரத்தோட சேர்த்து, ஒன்பது கிளப். ஒரே சட்டை எல்லாருக்கும் பொருந்தாது. 60 கிலோ ஆளுக்கும் 15 கிலோ குழந்தைக்கும் ஒரே டோஸ் எழுதுவாங்களா?

14/
சிட்னி கதைக்கு வருவோம். 2000 ஒலிம்பிக்குக்காக ஹோம்புஷ்ஷில் கட்டினது ஸ்டேடியம் ஆஸ்திரேலியா. 1999 மார்ச்சில் முதல் நாள், அடுத்தடுத்து ரெண்டு ஆட்டம், 104,583 பேர். அதே வருஷ இறுதிப் போட்டிக்கு 107,999 பேர். ரக்பி லீக் வரலாற்றிலேயே பெரிய கூட்டம். அந்தப் போதையில்தான் பல கிளப்புகள் பேட்டையை விட்டு அங்கே போறது சரின்னு நினைச்சாங்க. ஒலிம்பிக்குக்குப் பிறகு குறைச்சு, இப்போ சுமார் 83,500 இருக்கை.

15/
சவுத் சிட்னி ராபிட்டோஸ் 1987 வரைக்கும் ரெட்ஃபெர்ன் ஓவலில் ஆடினாங்க. பிறகு மூர் பார்க். 2006-ல் இருந்து ஹோம்புஷ். ரெட்ஃபெர்ன்ல இருந்து கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர். இந்தக் கிளப்பை லீக்கில் இருந்து தூக்கினப்போ, 2000-ல் பல்லாயிரம் பேர் சிட்னித் தெருவில் ஊர்வலம் போய், கோர்ட்டு ஏறி, 2002-ல் திரும்பச் சேர்க்க வச்சாங்க. அப்படிப்பட்ட ரசிகர்களைப் பார்த்து, காலி நாற்காலியைக் காட்டி "விசுவாசம் இல்லை"ன்னு சொல்ல வாய் வருமா?

16/
என்கிட்ட வர்ற ஒரு பெரியவரைப் பற்றி, அவர் அனுமதியோட, அடையாளம் தெரியாத மாதிரி விவரங்களை மாத்திச் சொல்றேன். எழுபது தாண்டினவர். கேன்டர்பரி புல்டாக்ஸ் ரசிகர். பெல்மோரில் மைதானத்துக்கு நடந்தே போனவர். கிளப் ஹோம்புஷ் போனதும் சில வருஷம் ரயில் மாறி மாறிப் போனார். அப்புறம் முட்டி தேய்மானம், நுரையீரலும் ஒத்துழைக்கலை. நிறுத்திட்டார்.

17/
அவர் சொன்னது இது: "முன்னாடி ஆட்ட நாளில் நாப்பது பேர்கிட்ட பேசுவேன் டாக்டர். இப்போ டிவிகிட்டத்தான் பேசறேன்." மனைவி காலமாயிட்டாங்க. ரத்த அழுத்த மாத்திரை, இன்ஹேலர், வலி மாத்திரை எல்லாம் நான் எழுதித் தர முடியும். அந்த நாப்பது பேரை எந்தச் சீட்டில் எழுதித் தர்றது?

18/
இது உணர்ச்சிவசப்பட்டு சொல்றது இல்லை. தனிமையும் சமூகத் தொடர்பு அறுந்து போறதும் இதய நோய், மன அழுத்தம், மறதி நோய், சீக்கிர மரணம் எல்லாத்தோடயும் தொடர்புடையதுன்னு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சமூகத் தொடர்புக்குன்னு தனி ஆணையமே அமைச்சது. ஒரு மைதானத்தை 15 கிலோமீட்டர் நகர்த்துறப்போ, வருமானக் கணக்கில் இந்த வரியை யாரும் போடுறதில்லை.

19/
"அப்போ எல்லாரையும் பழைய பேட்டை மைதானத்துக்கே அனுப்பிடலாமா டாக்டர்?" இல்லை. பழைய மைதானப் பாசத்துக்கும் ஒரு எல்லை இருக்கு. வெஸ்ட்ஸ் டைகர்ஸ் ஆடுற லைக்கார்ட் ஓவலை எல்லாரும் கொண்டாடுவாங்க. புல்மேடு, பழைய ஸ்கோர்போர்டு, சாயங்கால வெயில். அழகுதான். ஆனா 2024-ல் அங்கே ஒரு பள்ளி ரக்பி ஆட்டத்துல பார்வையாளர் பக்கத் தடுப்புக் கம்பி உடைஞ்சு பிள்ளைகள் கீழே விழுந்தாங்க. பெரிய காயம் இல்லாம தப்பிச்சது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி மைதானம் நடத்தக் கூடாது.

20/
இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் ஊரை எடுத்துக்கோங்க. அங்கே ஆட்சல் மைதானத்தில் 1954-ல் ஒரு ரக்பி லீக் கோப்பை மறுஆட்டத்துக்கு 102,569 பேர் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. பெருமையாச் சொல்வாங்க. அதே ஊரில் 1985-ல் ஒரு கால்பந்து மைதானத்தின் பழைய மரக் கூரை அரங்கு தீப்பிடிச்சு 56 பேர் செத்தாங்க. பழைய மைதானங்களை நினைக்கும்போது ரெண்டையும் சேர்த்துத்தான் நினைக்கணும்.

21/
புல்மேட்டில் யாரால உட்கார முடியாதுன்னும் யோசிங்க. சக்கர நாற்காலியில் வர்றவர். கர்ப்பிணி. கைக்குழந்தையோட வர்ற அம்மா. கழிப்பறை வரிசையில் 25 நிமிஷம் நின்னு பாதி ஆட்டத்தைத் தவறவிடுற பெண்கள். சிறுநீர் மாத்திரை சாப்பிடுற இதய நோயாளி. இவங்க "வர விருப்பம் இல்லாதவங்க" கிடையாது. வர வழி இல்லாதவங்க.

22/
இன்னொண்ணு, என் துறை சார்ந்தது. ஒருத்தருக்குத் திடீர்னு இதயம் நின்னா, மார்பை அழுத்தி மின் அதிர்ச்சி கொடுக்கிறது தள்ளிப்போகிற ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கிற வாய்ப்பை சுமார் 7 முதல் 10 சதவீதம் குறைக்கும். கூட்டம் நெருக்கியடிச்சு நிக்கிற மேட்டில், நடைபாதையே இல்லாத இடத்தில், ஸ்ட்ரெச்சர் எப்படி வரும்? நல்லாத் திட்டமிட்ட மைதானத்தில் டீஃபிப்ரிலேட்டர் எங்கே மாட்டணும், ஆள் எந்த வழியா ஓடணும்னு முன்னாடியே கணக்குப் போட்டிருப்பாங்க.

23/
அப்போ நடுவழி என்ன? என் வீட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு. பாரமட்டா. 1981-ல் ஈல்ஸ் முதல் கோப்பை ஜெயிச்ச ராத்திரி, ரசிகர்கள் கொண்டாட்டத்தில் பழைய கம்பர்லேண்ட் ஓவல் அரங்கையே கொளுத்திட்டாங்க! அந்த இடத்தில் 1986-ல் ஒரு மைதானம் வந்தது. அதை இடிச்சு 2019 ஏப்ரலில் திறந்ததுதான் இப்போதைய 30,000 இருக்கை மைதானம். ஈஸ்டர் திங்கட்கிழமை முதல் ஆட்டம், ஏறத்தாழ 29,000 பேர். டைகர்ஸை 51-6 என்று நொறுக்கினாங்க.

24/
அங்கே சாதாரண நாளில் 18,000 பேர் வந்தா, பாதிக்கு மேல நிறைஞ்சிருக்கும், சத்தம் கூரையில் முட்டித் திரும்பும். அதே 18,000 பேரை ஹோம்புஷ்ஷில் உட்கார வச்சா கால் பங்குகூட நிறைஞ்சிருக்காது. பாரமட்டா ரயில் நிலையத்துல இருந்து நடந்து போகலாம். 2024 டிசம்பரில் இருந்து டிராமும் அந்தப் பக்கமா ஓடுது. கால்பந்து அணியும் வேற ரக்பி லீக் கிளப்புகளும் பகிர்ந்துக்குறதால வருஷத்துல பல நாள் விளக்கு எரியுது. மேல் அடுக்கு ரொம்பச் செங்குத்து, முட்டிவலிக்காரங்க கீழ் அடுக்கு டிக்கெட் எடுங்க.

25/
ஆனா இந்த மைதானத்துக்கும் ஒரு பக்கவிளைவு இருந்தது, அதை மறைக்கக் கூடாது. மைதானத்துக்கு இடம் வேணும்னு பாரமட்டாவின் பொது நீச்சல் குளத்தை 2017-ல் மூடினாங்க. புதுக் குளம் திறந்தது 2023-ல். ஆறு வருஷம்! கோடையில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பக்கத்தில் நீச்சல் பழக இடம் இல்லாம வளர்ந்தாங்க. மூட்டுவலிக்காரங்களுக்குத் தண்ணியில் உடற்பயிற்சி செய்யுங்கன்னு நாங்க சொல்வோம். எங்கேன்னு கேட்டா பக்கத்தில் காட்ட இடம் இல்லை. பார்க்கும் விளையாட்டுக்காக ஆடும் இடத்தை எடுத்தா, முதல்ல மாத்து இடம் திறந்திருக்கணும்.

26/
பணக் கணக்கும் பார்ப்போம். மூர் பார்க்கில் 1988-ல் கட்டின மைதானத்தை முப்பது வருஷத்துலயே இடிச்சு, 828 மில்லியன் டாலரில் 42,500 இருக்கையோட 2022-ல் திறந்தாங்க. பழசுல பெண்களுக்குக் கழிப்பறை பத்தாது, பாதுகாப்பு பத்தாது என்பது அரசு சொன்ன காரணம், அதுல நியாயம் இருந்தது. ஆனா 2019 மாநிலத் தேர்தலில் "மைதானத்துக்கு முன்னாடி பள்ளியும் ஆஸ்பத்திரியும்" என்பதே எதிர்க்கட்சியின் பிரசாரம். அவங்க தோத்தாங்க. கேள்வி தோத்ததா நான் நினைக்கலை.

27/
ஹோம்புஷ் மைதானத்தையும் 800 மில்லியனுக்கு மேல் செலவு பண்ணி மாத்தப் போறதா இருந்தது. 2020 மே கடைசியில், கொரோனா காலத்தில், கைவிட்டாங்க. 2022-ல் வெள்ளச் சேதத்தைக் காரணம் காட்டி, பேட்டை மைதானங்களைச் சீரமைக்கிற திட்டத்துல இருந்தும் அரசு பின்வாங்கினது. இறுதிப் போட்டியை வேற மாநிலத்துக்குக் கொண்டு போயிடுவோம்னு லீக் தலைமை மிரட்டினது. கடைசியில் போட்டி சிட்னியிலேயே நடந்தது. நகர மையத்தில் புது மைதானம் வந்தாச்சு, காத்திருக்கச் சொன்னது பேட்டைகளைத்தான். இந்த வரிசை எனக்குப் பழக்கமானது. ஆரம்ப சுகாதாரத்துக்கும் இதுதான் நடக்கும்.

28/
நடுத்தர அளவு மத்த ஊர்ல எடுபடுதா? மெல்பர்னில் 100,000 பேர் கொள்ளும் மைதானம் இருந்தும், ஸ்டார்ம் அணி 2010-ல் இருந்து சுமார் 30,000 இருக்கை உள்ள செவ்வக மைதானத்தில் ஆடுது. டவுன்ஸ்வில்லில் ஊருக்கு வெளியே இருந்ததை விட்டு, 2020-ல் நகர மையத்தில் 25,000 இருக்கையோட கட்டினாங்க. ஆக்லாந்தில் வாரியர்ஸ் 2024-ல் 13-வது இடத்தில் முடிச்சும், அவங்க மவுண்ட் ஸ்மார்ட் மைதானத்தில் டிக்கெட் தீர்ந்துக்கிட்டே இருந்தது. தோக்கிற அணிக்கு!

29/
எதிர் உதாரணமும் வேணுமே. இந்த ஆட்டம் பிறந்த அதே ஹடர்ஸ்ஃபீல்டில், ரக்பி லீக் கிளப் 24,000 இருக்கை மைதானத்தைக் கால்பந்து கிளப்போட பகிர்ந்துக்குது. வர்றது பெரும்பாலும் ஐயாயிரத்தை ஒட்டின கூட்டம். சொந்தமா, சின்னதா ஒரு மைதானம் வேணும்னு கிளப்பே பேசுது. ஐயாயிரம் பேர் என்பது குறைவான அன்பு இல்லை. 8,000 இருக்கை அரங்கில் அது திருவிழா. 24,000-ல் அது துக்க வீடு.

30/
பெரிய மைதானமே வேண்டாம்னு சொல்றேனா? இல்லை. இறுதிப் போட்டி, மாநில மோதல், பரம எதிரிகள் மோதும் நாள் இதுக்கெல்லாம் அது வேணும். 2025 புனித வெள்ளி அன்று புல்டாக்ஸ், ராபிட்டோஸ் ஆட்டத்துக்கு ஹோம்புஷ்ஷில் 60,000-க்கு மேல் வந்தாங்க. கல்யாணத்துக்கு மண்டபம் எடுப்போம், தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மண்டபம் எடுப்போமா?

31/
நேரமும் முக்கியம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு ஆட்டம் வைக்கிறாங்க. டிவிக்கு வசதி. டிரைவர், நர்ஸ், கட்டட வேலைக்காரர், குழந்தையை டேகேரில் இருந்து கூட்டி வர்ற அப்பா அம்மா, யார் 6 மணிக்கு நாற்காலியில் உட்கார முடியும்? கூலி போயிடக் கூடாதுன்னு 1895-ல் உருவான ஆட்டம், இன்னைக்கு கூலிக்காரன் வர முடியாத நேரத்தில் நடக்குது.

32/
என் மருந்துச் சீட்டு, சுருக்கமா:
• சிட்னிக் கிளப்புக்கு 20,000 முதல் 30,000 இருக்கை போதும். செவ்வக வடிவம், கூரை, நிழல்.
• ரயில் அல்லது டிராமில் இறங்கி நடக்கிற தூரம். டிக்கெட்டுக்குள்ளேயே பயணம் இலவசம்.
• பக்கத்துப் பக்கத்து கிளப்புகள் பகிர்ந்துக்கணும்.
• வருஷத்துல ரெண்டு ஆட்டமாவது சீரமைச்ச பழைய பேட்டை மைதானத்தில்.
• பெரிய அரங்கு பெரிய நாளுக்கு மட்டும்.
• கட்டுறதுக்கு முன்னாடி, கட்டின பிறகு, யாரால வர முடியலைன்னு ஒரு கணக்கெடுப்பு.

33/
"சின்ன மைதானம் நிறைஞ்சா டிக்கெட் விலை ஏறுமே, ஏழைதானே வெளியே நிப்பான்?" நல்ல கேள்வி, இந்த வாதத்தின் பலவீனமான இடமும் இதுதான். நிறைகிற மைதானம் விலை ஏத்தும், சந்தேகமே இல்லை. அதனாலதான் பொதுப்பணம் கொடுக்கும்போதே நிபந்தனை வைக்கணும். இத்தனை சதவீத இருக்கை குறைந்த விலைக்கு, பென்ஷன்காரருக்கும் பிள்ளைகளுக்கும்னு ஒப்பந்தத்தில் எழுதணும். நம்ம பணத்தை எடுத்துக்கிட்டு நம்மையே வெளியே நிறுத்தக் கூடாது.

34/
மேற்கு சிட்னியில இருக்கிற நம்ம மக்களுக்கு ஒரு வார்த்தை. இருபது வருஷம் இங்க இருந்தும் பாரமட்டா மைதானத்துக்குள்ள கால் வைக்காதவங்க எத்தனை பேர்? கிரிக்கெட்டுன்னா போறோம், இதுக்குப் போறதில்லை. நம்ம பிள்ளைங்க பள்ளியில இந்த ஆட்டத்தைப் பத்தித்தான் பேசுறாங்க. ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க. பக்கத்து நாற்காலியில் லெபனான்காரர் இருப்பார், சமோவாக்காரர் இருப்பார், நாலு தலைமுறையா பாரமட்டாவில் இருக்கிறவர் இருப்பார். அரை மணி நேரத்தில் எல்லாரும் ஒரே நடுவரைத் திட்டிக்கிட்டிருப்பீங்க. ஒரு ஊரோட ஒட்டுறதுக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியலை.

35/
2020-ல் கொரோனாவுக்கு நடுவே மே மாசம் லீக் திரும்பத் தொடங்கினப்போ, ஆள் வர முடியாது என்பதால் ரசிகர்கள் முகத்தை அட்டையில் அச்சடிச்சு நாற்காலியில் நிறுத்தினாங்க. காசு கொடுத்துத் தன் முகத்தை அனுப்பினாங்க ஜனங்க. எங்கேயோ தூரத்துல ஒரு நாற்காலியில், தன் அட்டை முகமாவது இருக்கட்டும்னு நினைச்சவங்களைப் பார்த்து விசுவாசம் இல்லைன்னு சொல்லாதீங்க.

36/
அடுத்த தடவை காலி நாற்காலிப் படம் உங்க பக்கத்துல வந்தா, "ஏன் வரலை?"ன்னு ரசிகரைக் கேட்காதீங்க. "இதை ஏன் இங்க, இவ்வளவு பெருசா வச்சீங்க?"ன்னு முடிவு எடுத்தவங்களைக் கேளுங்க. உங்க கவுன்சிலருக்கும் எம்.பி.க்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்க. மாற்றுக் கருத்து இருந்தா கீழே எழுதுங்க, ராத்திரி கிளினிக் முடிச்சுட்டு வந்து படிக்கிறேன்.